சிறியோர் அளவே செலவின் அளவு

'செலவு' என்னும் சொல் இன்று நம் வீடுகளில் பெரும்பாலும் பெருமூச்சோடு வழங்குவது. மாதக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் அச்சொல்லே முன்னின்று நம்மை வரவேற்கிறது. பழந்தமிழிலோ செலவு என்பது பயணத்தையும் குறித்தது. பொருள் செல்வதும் செலவு. ஆள் செல்வதும் செலவு. இவ்விரு செலவும் ஒருங்கே வந்து வாயிலில் நின்ற ஒரு குடும்பத்தின் வினாவே இத்திங்கள் நம் பகுதிக்குப் பொருளாயிற்று.

மாரிக்குப்பம் பக்கத்து அன்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை நம்மைக் காண வந்தார். அவருடைய தந்தையார் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கம் மூடப்படும் வரையில் நிலத்தடியில் உழைத்தவர். இன்று நம்மோடு இல்லை. அன்பரோ நம் ஊரார் பலரையும் போல விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகிறவர். அவருடைய தம்பி தான்சானியா நாட்டில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே, ஒரு தங்கச் சுரங்கத்தில் மின்பணியில் இருக்கிறார். பாட்டனார் தங்கத்தைத் தேடி வட ஆர்க்காட்டிலிருந்து இங்கு வந்தார். பேரன் தங்கத்தைத் தேடி இங்கிருந்து அங்குப் போனார். கோலாரின் பாறைப் பட்டையும், அவ்வேரியின் தென்புறத்துப் பாறைப் பட்டையும் 250 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய ஒரே வகையின என்று நிலநூலார் கூறுவர். குடும்பம் நாடு மாறியதேயன்றிப் பாறை மாறவில்லை.

தம்பி ஊர் திரும்பி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "அம்மாவையும் அண்ணியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மே மாத விடுமுறையில் வந்துவிடுங்கள், அண்ணா. ஆறே நாளில் மூன்று காடுகளைக் காட்டிவிடுகிறேன்" என்று அவர் தொலைபேசியில் சொன்னாராம். அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. பிள்ளைகள் மூவர்: மூத்தவனுக்கு வயது 11, நடுவளுக்கு 8, கடைக்குட்டிக்கு 3. அம்மாவுக்கு 67. செலவில் பாதியைத் தம்பி ஏற்பார். மீதிக்கு அண்ணியின் நகையை அடகு வைக்கலாம் என்று எண்ணம். கடைக்குட்டியை மட்டும் அத்தை வீட்டில் விட்டுச் செல்லலாமா என்றும் ஒரு யோசனை. "போகலாமா, ஐயா? எப்படிப் போவது?" என்று கேட்டார் அன்பர்.

உடனே விடை சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம். படத்தை விரித்துப் பார்த்தோம், சென்று வந்தவர்களைக் கேட்டோம், மருத்துவரையும் கலந்தோம். அவருக்குச் சொன்னவற்றை இங்கு எழுதுகின்றோம். பிள்ளைகளோடு கடல் கடந்து செல்ல எண்ணும் பிற குடும்பங்களுக்கும் இவை பயன்படும் என்பது நம் நம்பிக்கை.

காட்டு விலங்குகளைக் காணச் செல்லும் செலவுக்கு உலகமெங்கும் 'சஃபாரி' என்று பெயர். கிழக்காப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் இச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அரபுச் சொல்லினின்று பிறந்தது. கடல் கடந்து பொருளீட்டச் செல்வோரைச் 'சபுராளி' என்று நம் தமிழ் முஸ்லிம் அன்பர்கள் கூறுவதும் அதே வேரினின்று வந்ததே. ஆக, அங்குள்ள தம்பியும் சபுராளி. அவரைக் காணப் போகின்றவர்களும் சபுராளிகளே.

முதற்கண் காலம். பயணம் நம் விடுமுறையைப் பார்த்தா, அந்நாட்டு மழையைப் பார்த்தா? இங்கேதான் பலரும் தவறுகின்றனர். கருநாடகப் பள்ளிகளுக்கு ஏப்ரலும் மேயும் கோடை விடுமுறை. தான்சானியாவிலோ மார்ச்சு முதல் மே வரையில் பெருமழைக் காலம். தம்பி இருக்கும் பக்கத்திலிருந்து செரங்கெட்டிக் காட்டுக்குள் நுழையும் மேற்கு வழி கரிசல் மண் நிலம். மழை பெய்த கரிசலில் வண்டி என்ன பாடுபடும் என்பதைத் திருநெல்வேலிச் சீமையில் உறவுடையோர் சொல்லக் கேட்கலாம். புல்லும் உயர்ந்து வளர்ந்துவிடுமாதலால், அதன் இடையே படுத்திருக்கும் விலங்கு கண்ணுக்கு அகப்படுவதும் அரிது. சூன் முதல் அக்டோபர் வரையில் வறட்சிக் காலம். விலங்குகள் நீர்நிலைகளை நாடி வரும். பாதைகளும் உறுதியாக இருக்கும். நம் தசரா விடுமுறை அக்டோபரில் வருவதால் அதுவே நமக்கு வாய்ப்பான காலம். அறை வாடகை குறைவென்று மே மாதத்தைச் சிலர் பரிந்துரைப்பர். குழந்தைகள் இல்லாதவர்க்கு அது பொருந்தலாம். சேற்றில் சிக்கிய வண்டியில் மூன்று வயதுக் குழந்தையோடு அரை நாள் அமர்ந்திருக்க வேண்டியவர்க்குப் பொருந்தாது.

அடுத்தது இடம். 'ஆறு நாளில் மூன்று காடு' என்பது கேட்பதற்கு இனிது. படத்தில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன, நிலத்தில் அப்படியில்லை. செரங்கெட்டி தேசியப் பூங்கா 1951-இல் அமைந்தது. 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. நம் கோலார் மாவட்டத்தைப் போல் மூன்றரை மடங்குக்கும் மேல் என்று கொள்க. பயணிகள் பெரும்பாலும் அருசா நகரத்திலிருந்து புறப்படுவர். அங்கிருந்து பூங்காவின் நடுப்பகுதிக்கு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் தொலைவை ஒட்டியது. பாதி வழிக்கு மேல் கல்லும் புழுதியும் நிறைந்த பாதை. ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். நம் அன்பருக்கோ அருசா தேவையே இல்லை. ஏரிக்கரையிலுள்ள முவான்சா நகரத்திலிருந்து மேற்கு வாயிலான இந்தபாக்கா 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் சென்றால், தம்பி வீட்டிலிருந்து அவ்வழியே ஒரே காட்டுக்குச் சென்று அங்கேயே நான்கு நாள் தங்கிவிடலாம்.

அந்த ஒரு காடே ஓர் உலகம். எருதின் முகமும் மானின் காலும் கொண்ட 'வில்டபீஸ்ட்' என்னும் விலங்கினம் பல இலட்சக் கணக்கில் அங்கு வாழ்கிறது. மழை எங்குப் பெய்து புல் முளைக்கிறதோ அத்திசை நோக்கி, வரிக்குதிரைகளோடு சேர்ந்து, ஆண்டு முழுவதும் அவை வட்டமிட்டுச் செல்கின்றன. பிப்ரவரியை ஒட்டித் தென்புறப் புல்வெளியில் கன்றீனும். ஆண்டின் நடுவில் வடக்கே சென்று மாரா ஆற்றைக் கடக்கும். ஈன்ற கன்று சில நிமிடங்களுக்குள் எழுந்து நின்று தாயோடு நடக்க வேண்டும். பிழைப்பைத் தேடி இடம் பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை, கண்டவுடன் விளங்கிவிடும்.

மூன்றாவது, உடல் நலம். கென்யா, எத்தியோப்பியா போன்ற நாடுகளிலிருந்தோ அவற்றின் வழியாகவோ இந்தியா திரும்புவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றினைக் காட்ட வேண்டியிருக்கும். இல்லையேல் தனித்து வைக்கப்படலாம். ஆப்பிரிக்கா செல்லும் வானூர்திகள் பல நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ நின்று செல்வதால், செல்லும் நாட்டை மட்டுமன்றி வழியில் நிற்கும் நாட்டையும் பார்த்துக்கொள்க. ஊசியிட்டுப் பத்து நாள் கழிந்த பின்னரே சான்று செல்லும். அரசு ஏற்றுக்கொண்ட மையங்களில் மட்டுமே இவ்வூசி இடப்படும். ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளுக்கு இது இடப்பெறுவதில்லை. 60 வயது கடந்தவர்க்கு முதன்முறையாக இடும்போது தீய விளைவு நேரும் வாய்ப்புச் சற்று மிகுதி என்பதால், மருத்துவர் அவர் உடல்நிலையை ஆராய்ந்தே முடிவு செய்வார். ஆகவே அம்மாவை மருத்துவரிடம் காட்டிய பின்னரே பயணச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கிய பின் காட்டலாகாது.

மலேரியாவும் அங்கு உண்டு. தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் மருத்துவர் சொன்ன நாள் வரையில் விடாது தர வேண்டும். குழந்தைக்கு அளவு வயதைக் கொண்டன்று, எடையைக் கொண்டு வகுக்கப்படும். இரவில் கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் இன்றியமையாதவை. பகலில் கடிக்கும் 'செட்சி' என்னும் ஈ ஒன்று உண்டு. கருநிறமும் கருநீலமும் அதனை ஈர்க்கும். பள்ளிச் சீருடையின் கருநீலக் காற்சட்டையை வீட்டிலேயே விட்டுச் செல்க. காய்ந்த புல்லின் நிறமே நன்று. திரும்பிய பின் சில மாதங்களுக்குள் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா சென்று வந்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கைக்குழந்தையோடு செல்வோர்க்கும் வழியில்லாமல் இல்லை. தென்னாப்பிரிக்காவில் மலேரியா இல்லாத காப்பகங்கள் உள்ளன. 1931-இல் அமைந்த அடோ யானைப் பூங்கா அவற்றுள் ஒன்று. பிலானஸ்பர்க், மடிக்வே ஆகியன பிற. அந்நாட்டின் குரூகர் பூங்காவில் தார்ச்சாலைகளும் வேலியிட்ட தங்குமிடங்களும் உண்டு. சொந்த வண்டியிலேயே சுற்றி வரலாம். எனினும் குரூகரில் மலேரியா உண்டு என்பதை மறவற்க. கேட்பவர்க்கெல்லாம் ஒரே காட்டைக் காட்டுவது நம் நோக்கமன்று. அவரவர் வீட்டின் மிகச் சிறிய பிள்ளைக்கு எது பொருந்துமோ அதுவே அவரவர்க்கு நல்ல காடு.

இவ்வுண்மையை நாம் பட்டுத்தான் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுப் பிள்ளைகளைப் பந்திப்பூருக்கு அழைத்துச் சென்றோம். ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்த எண்ணி நள்ளிரவில் புறப்பட்டோம். இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரையில் அக்காட்டுச் சாலையில் வண்டிகள் செல்ல 2009 முதல் தடையுண்டு என்பது நமக்குத் தெரியும். விடியும் நேரத்துக்குச் சரியாகச் சென்று சேர்வோம் என்று பெருமையோடு கணக்கிட்டோம். சேர்ந்தோம். ஆனால் காட்டு வண்டியில் ஏறியதும் பிள்ளைகள் உறங்கிப் போயினர். ஒரு பிடியும் கன்றும் பாதையைக் கடந்தபோது, "பார், பார்!" என்று உலுக்கினோம்; எழுந்தவர்கள் அழுதார்கள்; அழுகை கேட்டு யானை விலகிச் சென்றது. இன்று அப்பயணத்தைப் பற்றிக் கேட்டால், மலைச் சாலையில் வாந்தி எடுத்ததையும் வாழைப்பழத்தைக் குரங்கு பறித்ததையுமே அவர்கள் நினைவு கூர்கிறார்கள். குற்றம் பிள்ளைகளுடையதன்று, நம் கணக்கினுடையது. மிச்சம் பிடித்த பணத்தோடு யானையையும் மிச்சம் பிடித்துவிட்டோம்.

ஆதலின் நாளைப் பகுக்கும் முறையைச் சொல்லுகின்றோம். காலையில் கதிர் எழும்போது புறப்பட்டு நான்கு மணி நேரம் சுற்றுதல்; நண்பகலில் உணவும் உறக்கமும்; மாலையில் இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் வண்டியே ஏறாமல் தங்குமிடத்தில் இருத்தல். வண்டி தனி வண்டியாக இருக்கட்டும். பிறரோடு பகிர்ந்த வண்டியில் குழந்தை அழுதால் எல்லார்க்கும் துன்பம். தனி வண்டியாயின், 'போதும்' என்று குழந்தை சொன்ன உடனே திரும்பலாம். பூங்காக் கட்டணம் தலைக்கும் நாளுக்கும் கணக்கிடப்படுகிறது. வண்டிக் கூலியோ மூவர் அமர்ந்தாலும் அறுவர் அமர்ந்தாலும் ஒன்றே. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கணக்கிட்டால், இடங்களைக் குறைத்துத் தங்குதலைக் கூட்டுவதே மலிவும் ஆகும் என்பது விளங்கும். தங்குமிடங்கள் பலவற்றில் 6 வயதும், சிலவற்றில் 12 வயதும் நிரம்பாத குழந்தைகளை ஏற்பதில்லை. முன்பணம் கட்டுமுன் அதைக் கேட்டறிக.

காட்டில் பிள்ளைகள் ஒழுக வேண்டிய முறை நம் ஊரார்க்குப் புதியதன்று. சுரங்கத்தின் கூண்டில் இறங்கியவர் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா! மணி ஒலிக்குமுன் எவரும் கூண்டினின்று காலெடுத்து வைத்ததில்லை. கீழே மூத்தவர் சொன்னதே சட்டம். அங்கும் அவ்வாறே. வண்டியையும் அதிலுள்ளோரையும் சிங்கம் ஒரே உருவாகக் காண்கிறது. ஒருவர் எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அவ்வுரு குலைகிறது. ஆகவே ஓட்டுநர் சொல்லும்வரை எழுதல் கூடாது, இறங்குதல் கூடாது, கூவுதல் கூடாது. வேலியில்லாத தங்குமிடத்தில் இருட்டிய பின் காவலர் துணையின்றி ஓரடியும் வைத்தல் கூடாது; பகலிலும் குழந்தை தனியே ஓடுதல் கூடாது. ஓடும் சிற்றுயிர் அங்கு இரையாகத் தோன்றும். கென்யா 2017-இலும் தான்சானியா 2019-இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. முறுக்கும் பொடியும் துணிப்பையிலும் தூக்கிலும் செல்லட்டும்.

உணவைப் பற்றிப் பாட்டிமார் கவலையுறுவர். வேண்டா. சோள மாவைக் கிளறி அங்கு 'உகாலி' செய்கிறார்கள். நம் ராகிக்களிக்கு அது தங்கை. கீரை கிடைக்கும், சப்பாத்தியும் கிடைக்கும். ராகியே கிழக்காப்பிரிக்க மேட்டு நிலத்தில் பயிராகி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டை வந்தடைந்தது என்பர் பயிர்நூலார். கோலார்ச் சீமையின் அன்றாட உணவு நமக்கு முன்பே கடல் கடந்து வந்த சபுராளி! புளியமரமும் ஆப்பிரிக்காவுக்கு உரியதே. இவற்றைப் புறப்படுமுன் சொல்லிவைத்தால், அந்நாடு பிள்ளைகளுக்கு அயலாகத் தோன்றாது.

சொற்களையும் சொல்லிக் கொடுங்கள். 'சிவிங்கி' என்பது விரைந்தோடும் புள்ளிப்புலிக்குத் தமிழ்ப் பெயர். ஒட்டகம்போல் கழுத்தும் சிவிங்கிபோல் புள்ளியும் உடையதாகலின் 'ஒட்டகச்சிவிங்கி' என்ற பெயர் அமைந்தது. அந்தச் சிவிங்கி நம் நாட்டில் அற்றுப்போயிற்று என்று 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டன. ஒரு முறை இழந்ததை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு அதுவே சான்று. நம் யானையில் களிற்றுக்கு மட்டுமே வெளிப்படையான கொம்பு உண்டு. ஆப்பிரிக்க யானையில் பிடிக்கும் உண்டு. காதும் அங்குப் பெரிது. இவற்றை முன்னரே அறிந்த பிள்ளை காட்டில் வெறுமனே பார்ப்பதில்லை, தேடிக் காண்கிறது.

அதற்குப் பயிற்சி இங்கேயே தொடங்கலாம். மைசூரில் 1892-இல் தோன்றிய விலங்குக் காட்சிசாலையில் ஒட்டகச்சிவிங்கியைக் காணலாம். பெங்களூரை அடுத்த பன்னேர்கட்டாவில், வண்டிக்குள் அடங்கி அமர்ந்து சிங்கத்தைக் காணும் பழக்கம் கைவரும். நம் ஊரின் கிழக்கே, ஆந்திர எல்லையில், கவுண்டின்யக் காடு இருக்கிறது. நெடுங்காலம் யானையே இல்லாதிருந்த அம்மண்ணில் 1980-களில் தமிழ்நாடு, கருநாடகப் பக்கங்களிலிருந்து யானைகள் குடிபெயர்ந்து சென்றன. 1990-இல் அது சரணாலயமாயிற்று. அவ்யானைகள் பங்காரப்பேட்டை வட்டத்துச் சிற்றூர்களுக்குள் இறங்கும்போது ராகிக் கொல்லை ஒரே இரவில் அழிகிறது; உயிரிழந்த உழவரும் உண்டு. யானை என்பது விடுமுறைக் காட்சி மட்டுமன்று, அதன் அருகே வாழும் ஏழைக்கு அது அச்சமும் இழப்பும் கூட என்பதைப் பிள்ளைகள் அறிந்து செல்லட்டும். செரங்கெட்டியின் ஓரத்து உழவருக்கும் ஆயருக்கும் அதே நிலைதான். மாசாய் மக்களைக் கண்டால் முதலில் வணக்கம். இசைவு கேட்ட பின்னரே நிழற்படம்.

இவற்றையெல்லாம் அன்பரிடம் சொல்லி, முடிவையும் சொன்னோம். நகையை அடகு வைத்தல் வேண்டா. வட்டி கட்டும் பயணத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை கணக்கிட்டுக்கொண்டே இருப்போம். சிங்கம் வரவில்லையெனில் ஓட்டுநர்மீது சினம் வரும், பிள்ளைகள்மீதும் வரும். கடைக்குட்டியை விட்டுச் செல்லுதலும் வேண்டா. அண்ணனும் அக்காளும் வாழ்நாளெல்லாம் பேசப்போகும் கதையில் தனக்கு இடமில்லை என்பதை அக்குழந்தை வளர வளர உணரும். மூன்று ஆண்டுகள் பொறுங்கள். மாதச் சீட்டு ஒன்று கட்டுங்கள். கடைக்குட்டிக்கு வயது 6 ஆகும், மூத்தவனுக்கு 14. பெரியவன் படத்தைப் பார்த்து வழி சொல்வான். நடுவள் பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதுவாள். சின்னவன் வரிக்குதிரைகளை எண்ணுவான். அக்டோபரில், ஒரே காட்டுக்கு, நான்கு நாள் செல்லுங்கள்.

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவுக்கு இப்போதே 67, ஐயா. மூன்று ஆண்டு என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?" என்றார்.

நம் கணக்கில் விடுபட்டது அதுதான். மிகச் சிறியவரின் அளவைப் பார்த்த நாம் மிக முதியவரின் அளவைப் பார்க்கவில்லை. மறுநாள் அவர் வீட்டுக்கே சென்றோம். அம்மா காப்பி கொடுத்துவிட்டு எதிரே அமர்ந்தார். நாம் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "சிங்கத்தைப் பார்க்கவா நான் புறப்பட்டேன்? என் பிள்ளையைப் பார்க்கத்தானே?"

அந்த ஒரு கேள்வியில் முடிச்சு அவிழ்ந்தது. இந்தப் பயணத்தில் இரண்டு விருப்பங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று மகனைக் காண்பது. மற்றொன்று காட்டைக் காண்பது. முன்னது காத்திராது, பின்னது காத்திருக்கும். தம்பிக்கு அன்றே தொலைபேசியில் சொல்லப்பட்டது. குடும்பத்தார் அனைவருக்கும் செலவிட வைத்திருந்த தொகையில் சிறு பகுதியைக் கொண்டு, அவர் ஒருவர் வருகிற தசராவுக்கு ஊர் வருவதென்று முடிவாயிற்று. வந்ததும் எல்லாரும் சேர்ந்து பந்திப்பூரில் இரண்டு இரவு தங்குவார்கள். இம்முறை பகலில் புறப்பட்டு, பிள்ளைகள் உறங்கி எழுந்த பின் காட்டுக்குள் செல்வார்கள். ஆப்பிரிக்கச் செலவுக்கு அதுவே ஒத்திகை.

விடைபெறும்போது, கேட்கக் கூடாததென்று எண்ணிக்கொண்டே ஒன்றைக் கேட்டுவிட்டோம்: "மூன்று ஆண்டு கழித்து உடல்நிலை இடங்கொடாவிட்டால், உங்களுக்கு ஏமாற்றமாக இராதா, அம்மா?"

அவர் சிரித்தார். "இவர்கள் அப்பா முப்பது வருஷம் நாள் தவறாமல் கீழே இறங்கினார். நான் ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. அவர் மேலே வந்து சொன்னதைத்தான் கேட்டேன். பாறை எப்படிச் சுடும், இருட்டு எப்படி இருக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். ஒழுங்காகப் பார்த்து வரவேண்டும். நான் நிறையக் கேட்பேன்."

நடுவள் அப்போதே ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்து, முதற் பக்கத்தில் பாட்டி கேட்கப்போகும் கேள்விகளை எழுதத் தொடங்கினாள். சிங்கம் உறங்கும்போது வாலை ஆட்டுமா என்பது முதற்கேள்வி.